மலை ஏற ஜிபிஎஸ் வாங்கலாமா? வாசகர் கேள்வி பதில்

சேலத்தை அடுத்து, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் பழைய ஒற்றையடிப் பாதைகளைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பாதையைப் பற்றியவை அல்ல, கையில் எடுத்துப் போகும் ஜிபிஎஸ் கருவியைப் பற்றியவை. எதை வாங்குவது, எப்படிப் பயன்படுத்துவது, போனே போதாதா என்று பல கேள்விகள். இந்த இதழ் முழுக்க அதற்கே.

அண்ணா, நாங்கள் நான்கு நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜருகுமலை, நகரமலை, ஏற்காடு அடிவாரம் என்று சுற்றுகிறோம். எல்லோரிடமும் நல்ல போன் இருக்கிறது. தனியாக ஒரு கருவி எதற்கு? டவர் இல்லாத இடத்தில் போனில் உள்ள ஜிபிஎஸ் வேலை செய்யாது என்கிறார்களே, உண்மையா?
*கல்லூரி மாணவர், அம்மாபேட்டை*

தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். டவர் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் சிக்னலை உங்கள் போன் கேட்கிறது, அவ்வளவுதான். அது பதிலுக்கு எதையும் அனுப்புவதில்லை. நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல் ஒரே நேரத்தில் கிடைத்துவிட்டால் இடமும் உயரமும் தெரிந்துவிடும். டவர் போனால் உடன் போவது இரண்டு. ஒன்று, திரையில் விரியும் வரைபடம், ஏனென்றால் அது இணையத்திலிருந்து வருவது. இன்னொன்று, எந்தச் செயற்கைக்கோள் இப்போது எங்கே இருக்கிறது என்று இணையம் வழியாகப் போனுக்குக் கிடைக்கும் முன்தகவல். அந்தத் தகவல் இல்லையென்றால் போன் அதை ஒவ்வொரு செயற்கைக்கோளின் சிக்னலிலிருந்தும் நேரடியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குத் தடங்கல் இல்லாமல் அரை நிமிடம் தேவை. மரத்தடியில் நடந்துகொண்டே இருந்தால் நடுவில் அறுந்து அறுந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். "ஜிபிஎஸ் வேலை செய்யவில்லை" என்று மலையில் பலர் சொல்வது இதைத்தான்.

அதனால் அடிவாரத்தில் வண்டியை நிறுத்தும்போதே, நெட் இருக்கும்போதே, செயலியைத் திறந்து இடத்தைப் பிடித்துவிடுங்கள். ஆஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகளில் தமிழ்நாட்டு வரைபடத்தை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மேலே போனதும் ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள்; ஜிபிஎஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கும். இல்லாத டவரைத் தேடித் தேடியே போன் சார்ஜை இழக்கிறது, அந்த வீண் செலவு நின்றுவிடும்.

சரி, தனிக் கருவி வேண்டுமா? காலையில் ஏறி மதியம் இறங்கும் உங்கள் நடைக்கு வேண்டாம். இரண்டு போனும் ஒரு பவர் பேங்கும் போதும். மழையிலும் மூடுபனியிலும் நடப்பவர்கள், இரண்டு மூன்று நாள் காட்டில் தங்குபவர்கள், செடிகொடி கணக்கெடுக்கப் போகும் தாவரவியல் மாணவர்கள், எஸ்டேட் வேலையாகத் தினமும் சுற்றுபவர்கள், இவர்களுக்குத்தான் அது உண்மையில் உதவும். ஈரக் கையால் தொட்டால் போன் திரை சொன்னபடி கேட்காது. கருவியில் பட்டன் இருக்கிறது. பாறையில் விழுந்தாலும் அது தாங்கும், நல்ல வெயிலிலும் திரை தெரியும், பேட்டரி தீர்ந்தால் வேறு போட்டுக்கொள்ளலாம்.

எந்த மாடல் வாங்கலாம்? கடைக்காரர் விலை உயர்ந்ததையே காட்டுகிறார்.
*ஓமலூர் வாசகர்*

நம் ஊர் மலைகளுக்கு மூன்று விஷயம் பார்த்தால் போதும். பட்டன் இருக்க வேண்டும், சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற அதே ஏஏ பேட்டரியில் ஓட வேண்டும், வரைபடம் ஏற்ற இடம் வேண்டும். கார்மின் நிறுவனத்தின் இட்ரெக்ஸ் 22எக்ஸ் இந்த மூன்றிலும் தேறும். 2.2 அங்குல வண்ணத் திரை, இரண்டு ஏஏ பேட்டரியில் 25 மணி நேரம் வரை ஓடும் என்று நிறுவனம் சொல்கிறது, மெமரி கார்டும் போடலாம். 32எக்ஸ் என்பது அதே கருவிதான், கூடவே மின்னணுத் திசைகாட்டியும் காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும் உணரியும் உண்டு. இட்ரெக்ஸ் எஸ்இ கறுப்பு வெள்ளைத் திரை; பேட்டரி ஒரு வாரம் வரை தாக்குப் பிடிக்கும், ஆனால் அதில் வரைபடம் கிடையாது. போன பாதையிலேயே திரும்பி வர அது போதும், புது இடத்தில் சுற்றிப் பார்க்கப் போதாது.

அதே நிறுவனத்தின் ஜிபிஎஸ்மேப் 65, 67 வரிசைக் கருவிகள் பல செயற்கைக்கோள்களிடமிருந்து இரண்டு அலைவரிசையில் சிக்னல் வாங்குகின்றன. பழைய எல்1-உடன் எல்5 என்ற புது அலைவரிசையும் சேர்வதால், பாறைச் சுவரில் பட்டுத் திரும்பி வரும் பொய்ச் சிக்னலைப் பெரும்பாலும் கண்டுபிடித்து ஒதுக்கிவிடும். கிளியூர் அருவிப் பக்கம் போல இரண்டு பக்கமும் சுவராய் எழும்பிய பள்ளங்களில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அங்கெல்லாம் அடிக்கடி வேலை இருந்தால் மட்டும் அந்தப் பணத்தைப் போடுங்கள். கேமரா வைத்த கருவி, தொடுதிரைக் கருவி இரண்டையும் நான் யாருக்கும் சொல்வதில்லை. இந்தியாவின் சொந்த இடங்காட்டிச் செயற்கைக்கோள் அமைப்பான நாவிக் இருக்கிறதா என்று தேடி அலையவும் வேண்டாம். ஜிபிஎஸ்ஸும் ரஷ்யாவின் குளோனாஸும் சேர்ந்தாலே திறந்த வெளியில் 3 முதல் 5 மீட்டர் துல்லியம் கிடைத்துவிடுகிறது.

நண்பர் ஒருவர் ஏற்காட்டில் ஓர் இடத்தை "11 46 30, 78 12 30" என்று எழுதி அனுப்பினார். கருவியில் 11.4630, 78.1230 என்று போட்டேன். அம்பு ராசிபுரம் பக்கம் காட்டுகிறது! கருவி பழுதா?
*இளம்பிள்ளை வாசகர்*

கருவி சரியாகத்தான் சொல்கிறது, நீங்கள் கேட்டது ராசிபுரத்தை. உங்கள் நண்பர் எழுதியது 11 பாகை, 46 கலை, 30 விகலை. டிகிரி, மினிட், செகண்ட் என்றால் எல்லோருக்கும் புரியும். ஒரு டிகிரிக்கு 60 மினிட், ஒரு மினிட்டுக்கு 60 செகண்ட். நீங்கள் அதை 11 புள்ளி 4630 டிகிரி என்று தசமமாக ஆக்கிவிட்டீர்கள். சரியான தசமக் கணக்கு 11.7750, 78.2083. இரண்டுக்கும் நடுவே 35 கிலோமீட்டருக்கு மேல்.

இதாவது உடனே தெரிந்துவிட்டது, நல்லதாயிற்று. எனக்குக் கவலை தருவது இன்னொரு தவறு. பல கருவிகள் வாங்கும்போதே டிகிரியும் தசம மினிட்டுமாக, அதாவது 11° 46.500' என்ற வடிவத்தில் இருக்கும். அதில் போய் 46.30 என்று போட்டால் வித்தியாசம் அரை கிலோமீட்டர்தான். அம்பு ஏற்காட்டையே காட்டும், எல்லாம் சரி என்றே தோன்றும், ஆனால் நீங்கள் நிற்பது வேறு ஒரு எஸ்டேட்டின் நடுவில், வேறு ஒரு சரிவில். மாலை ஆறு மணிக்கு மூடுபனி இறங்கிய பிறகு அந்த அரை கிலோமீட்டர் பெரிய தூரம்.

ஆகவே உங்கள் குழுவில் எல்லோரும் ஒரே வடிவத்தை வைத்துக்கொள்ளுங்கள். தசம டிகிரியே இருக்கட்டும், போனில் வரைபடச் செயலிகள் தருவதும் அதுதான், வாயால் படித்துச் சொல்லவும் எளிது. கருவியின் செட்டிங்கில் பொசிஷன் ஃபார்மட் என்ற இடத்தில் மாற்றலாம். அங்கேயே மேப் டேட்டம் என்று ஒன்று இருக்கும், எந்த அடிப்படையில் இடத்தின் எண்களைக் கணக்கிடுவது என்பதற்கான தேர்வு; அது டபிள்யூஜிஎஸ் 84 என்று இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இந்திய நில அளவைத் துறையின் பழைய டோபோ ஷீட்டுகள், அதாவது மேடு பள்ளம் காட்டும் வரைபடத் தாள்கள், எவரெஸ்ட் என்ற வேறு அடிப்படையில் வரைந்தவை. அந்த எண்களை அப்படியே கருவியில் ஏற்றினால் நூறு, இருநூறு மீட்டர் தள்ளிப் போகும். புதிய ஓபன் சீரிஸ் வரைபடங்களில் இந்தச் சிக்கல் இல்லை.

சேர்வராயன் கோயில் 5,326 அடி உயரம் என்று படித்திருக்கிறேன், அதாவது 1,623 மீட்டர். அங்கே நின்று போன் செயலியில் பார்த்தால் 1,530 சொச்சம் காட்டியது. நண்பரின் கருவியில் 1,620. எது சரி?
*பள்ளி ஆசிரியை, ஃபேர்லாண்ட்ஸ்*

நண்பரின் கருவி சரி. ஆனால் உங்கள் போன் காட்டியதற்கும் காரணம் உண்டு, வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லத் தகுந்த காரணம்.

ஜிபிஎஸ் கணக்கிடும் உயரம் கடல் மட்டத்திலிருந்து அல்ல. பூமியைச் சற்றே அமுங்கிய ஒரு வழவழப்பான உருண்டையாகக் கணிதத்தில் வைத்துக்கொண்டு, அதன் மேற்பரப்பிலிருந்து கணக்கிடுகிறது. உண்மையான கடல் மட்டம் அந்த உருண்டையோடு ஒட்டிப் போவதில்லை. பூமிக்குள் பொருள் எங்கே அடர்த்தி, எங்கே அடர்த்தி குறைவு என்பதைப் பொறுத்து ஈர்ப்பு மாறுகிறது, அதன்படி மேடும் பள்ளமுமாக இருக்கிறது. உலகத்திலேயே அதில் மிக ஆழமான பள்ளம் எங்கே தெரியுமா? நமக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில். அங்கே கடல் மட்டம் அந்தக் கணித உருண்டைக்கு 100 மீட்டருக்கும் மேல் கீழே இருக்கிறது. சேலம் அந்தப் பள்ளத்தின் சரிவிலேயே இருப்பதால் நமக்கும் ஏறத்தாழ 90 மீட்டர் வித்தியாசம். நல்ல கருவிகள் இதற்கான அட்டவணையை உள்ளே வைத்துக்கொண்டு திருத்திக் காட்டுகின்றன. சில போன் செயலிகள் திருத்தாமல் அப்படியே காட்டிவிடுகின்றன. நம் ஊரில் ஒரு செயலி சுமார் 90 மீட்டர் குறைத்துக் காட்டினால் காரணம் அநேகமாக இதுவே. செட்டிங்கில் கடல் மட்ட உயரம் என்று தேர்ந்தெடுக்க வழி இருக்கிறதா பாருங்கள்.

அப்புறம், காற்றழுத்த உணரி உள்ள கருவிகளில் வேறொரு சங்கதி. நம்மைப் போன்ற வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் தினமும் இரண்டு முறை ஏறி இறங்கும். காலை பத்து மணி வாக்கில் உச்சம், மாலை நான்கு மணி வாக்கில் தாழ்வு. ஏற்காடு உயரத்தில் காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கருவி நீங்கள் சுமார் 10 மீட்டர் ஏறிவிட்டதாக நினைக்கும். ஆக, காலையில் கூடாரத்தில் வைத்துவிட்டுப் போன கருவி, நகராமலே சாயங்காலம் 20, 30 மீட்டர் கூடுதலாகக் காட்டலாம். உயரம் உறுதியாகத் தெரிந்த இடத்தில் நிற்கும்போது அந்த உயரத்தைக் கொடுத்து ஒருமுறை கேலிபரேட் செய்துகொண்டால், அதாவது கருவியைச் சரிசெய்துகொண்டால், தீர்ந்தது.

காப்பித் தோட்டத்து வழியாக மலை விளிம்புக்குப் போனோம். திரும்பும்போது வண்டி நிறுத்திய இடத்தைத் தேர்ந்தெடுத்து 'கோ' கொடுத்தேன். அம்பு காட்டியபடி நடந்தால் செங்குத்துச் சரிவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. இருட்டும் நேரம் வேறு. இதை எப்படி நம்புவது?
*வாழப்பாடி வாசகர்*

எனக்கு வந்த கடிதங்களில் இதைத்தான் மிக முக்கியமானதாக நினைக்கிறேன். நீங்கள் பத்திரமாக இறங்கியது பெரிய நிம்மதி.

அந்த அம்பு காட்டுவது நேர்கோடு. நீங்கள் நிற்கும் புள்ளியிலிருந்து வண்டி நிற்கும் புள்ளிக்கு ஒரு பறவை பறந்தால் எந்தத் திசையில் பறக்குமோ அது. நடுவே பள்ளம் இருக்கிறதா, ஓடை இருக்கிறதா, முள்வேலி போட்ட எஸ்டேட் இருக்கிறதா என்பதெல்லாம் அம்புக்குத் தெரியாது. சமவெளியில் இது பெரிய குறையில்லை, வரப்பைச் சுற்றிப் போனால் ஆயிற்று. சேர்வராயன் அப்படிப்பட்ட மலையல்ல. மேலே தட்டையாக விரிந்து கிடக்கிறது, தலைச்சோலையிலிருந்து நாகலூர் வரை ஏறி இறங்கி நடக்கலாம். விளிம்புக்கு வந்தால் திடீரென்று அறுத்துவிட்டாற்போல் கீழே விழுகிறது. சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மலை 1,600 மீட்டரைத் தாண்டுகிறது. அம்பை நம்பி நேர்கோட்டில் இறங்க இது ஏற்ற மலையே இல்லை.

கருவி உங்களுக்குத் தரும் மிகப் பெரிய உதவி, நீங்கள் வந்த தடம், அதாவது ட்ராக். நீங்கள் கால் வைத்து நடந்து வந்த கோடு அது, நடக்க முடியும் என்று நீங்களே நிரூபித்துவிட்ட பாதை. ஏறத் தொடங்கும் முன் மூன்று வேலை செய்யுங்கள். பழைய ட்ராக்கை அழியுங்கள் அல்லது சேமித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் போன மாதம் கஞ்சமலையில் நடந்த கோடும் இன்றைய கோடும் ஒன்றாய்ப் பின்னிக் கிடக்கும். வண்டி நிற்கும் இடத்தில் நின்று, கருவி இடத்தை நன்றாகப் பிடித்த பிறகு, அந்த இடத்தைச் சேமிக்கும் மார்க் பட்டனை அழுத்துங்கள். வரும் எண்ணை அப்படியே விடாமல் 'வண்டி' என்று புரியும்படி ஆங்கில எழுத்திலாவது பெயர் வையுங்கள். 001, 002, 003 என்று வைத்துக்கொண்டு இருட்டில் எது எது என்று யோசிக்கக் கூடாது. மூன்றாவது, ட்ராக் பதிவு ஓடுகிறதா என்று பாருங்கள். திரும்பும்போது ட்ராக்பேக் கொடுத்தால் வந்த வழியே புள்ளி புள்ளியாகக் கூட்டிப்போகும்.

வழியிலும் மார்க் செய்துகொண்டே போங்கள், ஆனால் எல்லாவற்றையும் அல்ல. ஒற்றையடிப் பாதை இரண்டாகப் பிரியும் இடம், ஓடையைக் கடக்கும் இடம், தண்ணீர் கிடைக்கும் இடம். இறங்கும்போது தவறு நடப்பது பெரும்பாலும் பிரிவில்தான், ஏனென்றால் ஏறும்போது இரண்டாவது பாதை நம் முதுகுப் பக்கம் இருந்திருக்கும், கண்ணிலேயே பட்டிருக்காது. பிரிவைத் தாண்டி ஐம்பது மீட்டர் போனதும் ஒருமுறை திரும்பி நின்று பாருங்கள். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம்.

இன்னொன்று, சில்வர் ஓக் மரங்கள் அடர்ந்த காப்பித் தோட்டத்துக்குள் 10, 20 மீட்டர் பிசகுவது சகஜம். கோட்டின் மேலேயே கால் வைக்க வேண்டும் என்று புதரைக் கிழித்துக்கொண்டு போகாதீர்கள். காலடியில் பாதை தெளிவாக இருந்து கோடு கொஞ்சம் தள்ளி ஓடினால் பாதையை நம்புங்கள். கருவியைக் கால்சட்டைப் பையில் போட்டு நடந்தால் பிசகு இன்னும் கூடும், நம் உடம்பே சிக்னலை மறைத்துவிடும். பையின் தோள்பட்டைப் பட்டையில், மேலே, மாட்டிக்கொள்ளுங்கள். வழியில் மலைக் கிராமத்து ஆள் ஒருவரைப் பார்த்தால் கருவியைப் பைக்குள் வைத்துவிட்டு அவரிடம் கேளுங்கள். எந்தப் பாதை மழையில் சரிந்துவிட்டது, எங்கே காட்டெருமை மேய்கிறது என்று அவருக்குத்தான் தெரியும், எந்தக் கருவிக்கும் தெரியாது.

கஞ்சமலையில் ஏறும்போது திசைகாட்டி ஒரு இடத்தில் ஒரு திசை, பத்தடி தள்ளி வேறு திசை காட்டியது. ஜிபிஎஸ்ஸும் அங்கே தப்பாகத்தான் காட்டுமா?
*சித்தர் கோவில் பக்கத்து வாசகர்*

காட்டாது. கஞ்சமலையில் இருப்பது மேக்னடைட், அதாவது காந்தத் தன்மை உள்ள இரும்புத்தாது. இந்தத் தாதுவை மனத்தில் வைத்துத்தான் சேலம் உருக்காலையையே முதலில் திட்டமிட்டார்கள். தாதுப் பாறைக்கு அருகில் காந்த ஊசி தடுமாறும், கருவிக்குள் இருக்கும் மின்னணுத் திசைகாட்டியும் அதே காந்தத்தை உணர்வதால் அதுவும் தடுமாறும். செயற்கைக்கோள் சிக்னல் ரேடியோ அலை, அதைத் தாது ஒன்றும் செய்வதில்லை. நீங்கள் நிற்கும் இடம் சரியாகவே வரும். அங்கே மின்னணுத் திசைகாட்டியை அணைத்துவிட்டு இருபது முப்பது மீட்டர் நேராக நடங்கள். நடக்கும்போது இடம் மாறுவதை வைத்தே கருவி திசையைக் கணக்கிட்டுவிடும், நின்றால் மட்டும் சொல்லத் தெரியாது. பேட்டரி மாற்றிய பிறகும் திசைகாட்டியை ஒருமுறை கேலிபரேட் செய்ய வேண்டும், வண்டிக்குப் பக்கத்தில் நின்று செய்யக் கூடாது.

ஏற்காட்டில் எங்களுக்குக் கொஞ்சம் காப்பி, மிளகு இருக்கிறது. எல்லையில் தகராறு. கருவியை வைத்துச் சுற்றி நடந்தால் ஏக்கர் கணக்கு வந்துவிடும் என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர்.
*செம்மநத்தம் வாசகர்*

வரும், ஆனால் தகராறுக்கு உதவாது. ஒரு ஏக்கர் சதுரமாக இருந்தால் பக்கத்துக்குச் சுமார் 63.6 மீட்டர். ஒரே ஒரு பக்கத்தின் கோடு 3 மீட்டர் தள்ளிப் போனால்கூட 190 சதுர மீட்டர், ஏறக்குறைய நாலே முக்கால் சென்ட் போய்விடுகிறது. மர நிழலில் பிசகு 3 மீட்டரோடு நிற்காது. எவ்வளவு இடத்தில் மிளகுக்கொடி ஏற்றியிருக்கிறோம், எத்தனை மூட்டை உரம் வேண்டும், எந்த மூலையில் தண்ணீர்த் தொட்டி என்று குறித்துக்கொள்ள அருமையான கருவி. எல்லைக்கு அரசு நில அளவரிடம் மனுக் கொடுத்து, புலப்படத்தை, அதாவது நிலத்தின் அரசு அளவு வரைபடத்தை, வைத்து அளந்து கல் நட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கருவி வரைந்த கோட்டைக் காட்டி அண்டை வீட்டாரிடம் வாக்குவாதம் வேண்டாம்.

பழைய கருவி ஒன்று மலிவாகக் கிடைத்தது. இடம் சரியாகக் காட்டுகிறது, தேதி மட்டும் இருபது வருடம் பின்னால் இருக்கிறது.
*சூரமங்கலம் வாசகர்*

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் வாரத்தை எண்ணி அனுப்புகின்றன, 1,024 வாரம் ஆனதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அது ஏறத்தாழ 19 ஆண்டு 7 மாதம். 1999 ஆகஸ்டில் ஒருமுறை, 2019 ஏப்ரலில் ஒருமுறை அப்படி நடந்தது. பழைய மென்பொருளுக்கு இது எத்தனையாவது சுற்று என்று தெரியாததால் தேதி பின்னால் போகிறது. இடத்துக்குப் பாதிப்பில்லை. நிறுவனம் புது மென்பொருள் தந்திருந்தால் ஏற்றிப் பாருங்கள், இல்லையென்றால் அப்படியே பயன்படுத்தலாம். பேட்டரி வைக்கும் இடத்தில் பச்சைப் பூஞ்சை போல் படிந்திருக்கிறதா, பட்டன் மேல் உள்ள ரப்பர் பிசுபிசுக்கிறதா என்பதுதான் பழைய கருவியில் முக்கியம். ரப்பர் போய்விட்டால் மழைநீர் உள்ளே இறங்கிவிடும்.

அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர் பொங்கலுக்கு வரும்போது சாட்டிலைட் வழியாக மெசேஜ் அனுப்பும் கருவி வாங்கி வருகிறேன் என்கிறார். டவர் இல்லாத இடத்துக்கு நல்லதுதானே?
*அஸ்தம்பட்டி வாசகர்*

வேண்டாம் என்று இன்றே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள். கார்மின் இன்ரீச் போன்றவை சிக்னலை வாங்குவதோடு நிற்பதில்லை, செயற்கைக்கோளுக்கு அனுப்பவும் செய்கின்றன. தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அவற்றை இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம். இந்தியத் தந்திச் சட்டம் 1885, கம்பியில்லாத் தந்திச் சட்டம் 1933 ஆகியவற்றின் கீழ் விமான நிலையத்திலேயே பிடித்து வழக்குப் போட்டிருக்கிறார்கள், விவரம் தெரியாமல் வந்த வெளிநாட்டுப் பயணிகள் அதில் மாட்டியிருக்கிறார்கள். சாதாரண இட்ரெக்ஸ், ஜிபிஎஸ்மேப் 65 போன்றவை சிக்னலை வாங்க மட்டுமே செய்யும், அவற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை. வாங்கும்போது பெயரோடு ஒட்டிவரும் எழுத்தைக் கவனியுங்கள். ஜிபிஎஸ்மேப் 67 வேறு, 67ஐ வேறு, அந்த 'ஐ' வந்தால் உள்ளே இன்ரீச் இருக்கிறது என்று அர்த்தம்.

கருவியோடு வந்த வரைபடத்தில் ஏற்காடு என்று ஒரு புள்ளியும் ஒரு ரோடும்தான் இருக்கிறது.
*ஆத்தூர் வாசகர்*

பொதுமக்களே சேர்ந்து உருவாக்கும் ஓபன் ஸ்ட்ரீட் மேப் என்ற இணைய வரைபடத்தின் தகவலை வைத்துக் கார்மின் கருவிகளுக்கென்று இலவச வரைபடம் செய்து தருகிறார்கள். இந்தியக் கோப்பை இறக்கி, மெமரி கார்டில் கார்மின் என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் வைத்தால் போதும். பல மலைக் கிராமங்களும் எஸ்டேட் ரோடுகளும் அதில் உண்டு. இல்லாத பாதையை நீங்களே சேர்க்கலாம். நடந்த ட்ராக்கை ஜிபிஎக்ஸ் கோப்பாக எடுத்து, கணினியில் அந்தத் தளத்தில் ஏற்றி, அதன் மேல் கோடு வரையலாம். தயவுசெய்து செய்யுங்கள், அடுத்து வருகிற ஒருவருக்கு அது மிகப் பெரிய உதவி. காப்புக்காட்டில் உள்ள பாதையானால் அனுமதி வேண்டும் என்ற குறிப்பையும் சேர்த்துவிடுங்கள்.

மழைக்காலத்தில் பேட்டரி சீக்கிரம் தீர்கிறது. பாதி இருக்கும்போதே அணைந்துவிடுகிறது.
*மேட்டூர் வாசகர்*

ரீசார்ஜ் பேட்டரி போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது 1.2 வோல்ட், சாதாரண ஆல்கலைன் 1.5 வோல்ட். செட்டிங்கில் பேட்டரி வகையை என்ஐஎம்எச் என்று மாற்றாவிட்டால் கருவி அளவைத் தப்பாகக் காட்டும். திரை வெளிச்சத்தையும் குறையுங்கள். வீட்டில் வைக்கும்போது பேட்டரியை வெளியே எடுத்துவிடுங்கள், ஆல்கலைன் உள்ளேயே கசிந்தால் கருவி போய்விடும்.

என் மகன் அடிக்கடி மலை ஏறப் போகிறான். ஏதோ கருவி வைத்திருக்கிறான். ஆனால் சாயங்காலம் ஆனால் எனக்குப் பயம். அவன் எங்கே இருக்கிறான் என்று வீட்டிலிருந்தே அந்தக் கருவியில் பார்க்க முடியுமா?
*ஒரு தாய், கொண்டலாம்பட்டி*

அம்மா, முடியாது. அவன் எங்கே இருக்கிறான் என்பது அந்தக் கருவி வழியாக அவனுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரிய வராது. அதனால் போகும் முன்பே அவன் உங்களிடம் சில விவரங்களை எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், அதைக் கேட்டு வாங்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. எந்த ஊர் வழியாக ஏறுகிறான், வண்டியை எங்கே விடுகிறான், கூட யார் யார், அவர்கள் வீட்டு எண், எத்தனை மணிக்குள் இறங்கிப் போன் செய்வான். பாதையின் கோப்பை வீட்டுப் போனுக்கும் ஒன்று அனுப்பி வைக்கலாம், தேட வேண்டி வந்தால் அது பெரிய துணை. சொன்ன நேரத்துக்கு மேல் எவ்வளவு பொறுப்பது என்பதையும் இருவரும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். இரண்டு மணி நேரம் என்று வைத்தால் இரண்டு மணி நேரம். அதைத் தாண்டினால் தயங்காமல் 112-க்கு அழையுங்கள்.

அவனிடம் இதையும் சொல்லுங்கள். பேச முடியாத அளவு டவர் பலவீனமாக இருக்கும் இடத்திலும் எஸ்எம்எஸ் போய்விடுவது உண்டு. அடி பட்டாலோ வழி தவறினாலோ தன் இடத்தின் இரண்டு எண்களையும் தசம டிகிரியில் எழுதி எஸ்எம்எஸ்ஸாக அனுப்பிவிட்டு, இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். அங்கிருந்து நகர்ந்துவிட்டால் அனுப்பிய எண் வீண்.

காப்புக்காட்டில் ஏறுவதானால் வனத்துறை அனுமதி கட்டாயம். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு விதிகள் கடுமையாக்கப்பட்டன, காரணத்தோடுதான். இப்போது அரசே ட்ரெக் தமிழ்நாடு என்று 2024 அக்டோபரிலிருந்து, முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு போகும் ஏற்பாடு வைத்திருக்கிறது, முதலில் அறிவித்த 40 பாதைகளில் சேலம் மாவட்டத்துப் பாதைகளும் உண்டு. கோடையில் தீ அபாயம் இருக்கும் வாரங்களில் மூடிவிடுவார்கள், அப்போது போகவே கூடாது. அனுமதிச் சீட்டின் நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும், எந்த வனச்சரகம் என்பதையும் அந்த அலுவலகத்தின் எண்ணையும் அதன் பின்பக்கத்தில் எழுதி வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.